மாரியப்பனின் மூன்று இறுதிப்போட்டிகள்: முந்தின இரவில் நாம் எதிர்பார்த்தது என்ன?

டென்னிஸ் ரசிகர்கள் ஒரு இறுதிப்போட்டிக்கு முந்தின நாள் எழுதுவதை வாசித்துப் பார்த்திருக்கிறீர்களா? தனக்குப் பிடித்த ஆட்டக்காரர் நாளைக்கு சர்வீஸை எந்தப் பக்கம் போட வேண்டும், எதிராளியின் பேக்ஹேண்ட் எவ்வளவு நேரம் தாங்கும், ஐந்தாவது செட் வரை போனால் கால் ஒத்துழைக்குமா என்று ஆளாளுக்கு ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். அதில் பாதி பிரார்த்தனை, பாதி ஆட்ட அறிவு. பிரார்த்தனை பலிக்காமல் போனாலும் ஆட்ட அறிவு மிச்சம் இருக்கும். தோற்ற மறுநாள் அதே ஆள் வந்து, "ரெண்டாவது செட்ல அந்த ஒரு கேமை விட்டதுதான் வினை" என்று எழுதுவார். தோல்விக்கு அங்கே ஒரு இடமும் ஒரு நிமிடமும் இருக்கும்.

சேலம், நாமக்கல் பக்கத்துக்காரர்களான நமக்கும் அப்படிப்பட்ட முந்தின இரவுகள் மூன்று வாய்த்திருக்கின்றன. டென்னிஸில் இல்லை, உயரம் தாண்டுதலில். தீவட்டிப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு மூன்று பாராலிம்பிக் இறுதிப்போட்டிகளில் தாண்டினார். 2016 ரியோவில் தங்கம். கொரோனாவால் தள்ளிப்போய் 2021இல் நடந்த டோக்கியோவில் வெள்ளி. 2024 பாரிஸில் வெண்கலம்.

இந்த வரிசையைச் சொன்ன உடனே எதிரில் இருப்பவரிடமிருந்து ஒரு "ப்ச்" வரும். "எறங்கிக்கிட்டே வந்துருச்சே" என்பார்கள். இந்தக் கட்டுரை அந்த "ப்ச்" பற்றியது. அது போட்டி முடிந்த பிறகு பிறப்பதில்லை, முந்தின இரவிலேயே தயாராகிவிடுகிறது என்பதுதான் நான் சொல்ல வருவது.

முந்தின நாள் கட்டுரையில் என்ன இருந்தது

ஒவ்வொரு இறுதிப்போட்டிக்கும் முன்னால் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் நம் வாட்ஸ்அப் குழுக்களிலும் வந்த மாரியப்பன் பற்றிய எழுத்தை எடுத்துப் பாருங்கள். சமையல் குறிப்பு மாதிரி ஒரே பொருட்கள்தான். ஐந்து வயதில் பள்ளிக்கூடம் போகும்போது பேருந்து ஏறி வலது கால் நசுங்கியது. அம்மா காய்கறி விற்று வளர்த்தார். பள்ளி உடற்கல்வி ஆசிரியர் திறமையைக் கண்டுபிடித்தார். பெங்களூரில் சத்யநாராயணா என்ற பயிற்சியாளர் கூட்டிக்கொண்டு போய்ப் பழக்கினார். கடைசியில் ஒரு வரி: நாளை தங்கம் வெல்ல வாழ்த்துவோம்.

இவை எல்லாமே உண்மை. யாரும் கதை கட்டவில்லை. ஆனால் இதில் இல்லாதது எது என்று பாருங்கள். அவர் கடைசியாகத் தாண்டிய உயரம் இல்லை. எதிரில் நிற்பவர்கள் யார், அவர்கள் எவ்வளவு தாண்டுகிறார்கள் என்பது இல்லை. நாளைக்கு எந்த உயரத்தில் போட்டி சூடு பிடிக்கும் என்பது இல்லை. ஒரு விளையாட்டு வீரனைப் பற்றி எழுதிய கட்டுரையில் விளையாட்டை எடுத்துவிட்டால் மிஞ்சுவது இரக்கம் மட்டும்தான்.

இரக்கத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. அது கடன் பத்திரம் மாதிரி வேலை செய்யும். "இவ்வளவு கஷ்டப்பட்டவனுக்குக் கிடைக்காம யாருக்குக் கெடைக்கும்?" என்று கேட்க வைக்கும். பட்ட கஷ்டத்துக்குத் தங்கம்தான் வட்டியும் முதலும் என்று ஆகிவிட்டால், வெள்ளி வந்தாலும் கணக்கு நேராகாது.

கஷ்டத்தில் தங்கம் இல்லை

கஷ்டத்தை வைத்துத் தங்கம் கொடுப்பதாக இருந்தால் பாராலிம்பிக் இறுதிப்போட்டியில் யாருக்குக் கொடுப்பது? வரிசையாகப் பார்க்கலாம்.

2012 லண்டனில் இதே பிரிவில் தங்கம் வென்றவர் ஃபிஜி தீவைச் சேர்ந்த இலியேசா டெலானா. மூன்று வயதில் பேருந்து விபத்தில் இடது காலை இழந்தவர். மாரியப்பனுக்கு நடந்ததுக்கும் இதுக்கும் ரொம்பத் தூரம் இல்லை. டோக்கியோவில் வென்ற அமெரிக்கர் சாம் க்ரூ, பிறவிக் குறைபாட்டால் ஒரு காலை இழந்தவர். பாரிஸில் வென்ற எஸ்ரா ஃப்ரெச்சும் பிறவியிலேயே காலும் கையும் பாதிக்கப்பட்டவர். நம் நாட்டின் சரத் குமார் பீகார்க்காரர். இரண்டு வயதில் போடப்பட்ட போலி போலியோ மருந்தால் இடது கால் செயலிழந்தவர். டோக்கியோ இறுதிக்கு முந்தின இரவு முழங்கால் சவ்வு விலகி, விலகிக்கொள்ளலாமா என்று அழுதுகொண்டிருந்தவர், மறுநாள் வந்து வெண்கலம் வாங்கினார்.

இவர்களில் யாருடைய துயரத்தை எடை போட்டு, யாருடையது ஒரு கிலோ கூட என்று சொல்வது? அந்த மைதானத்துக்குள் நுழையும்போதே எல்லாருடைய கதையும் ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடும். பிறகு மிச்சம் இருப்பது இரண்டு கம்பங்களும் நடுவில் ஒரு குறுக்குக் கம்பும்தான். அந்தக் கம்புக்கு யார் எந்த ஊர் என்று தெரியாது.

டென்னிஸில் இல்லாத ஒரு விஷயம்

டென்னிஸில் ஒற்றையர் கிராண்ட்ஸ்லாம் இறுதிக்கு முந்தின இரவு என்று நமக்கு ஒன்று வாய்த்ததே இல்லை. ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 இரண்டு வருடமும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனார். முதல் வருடம் நீல் ஃப்ரேசரிடம், அடுத்த வருடம் ராட் லேவரிடம் தோற்றார். இரண்டு பேருமே அந்தந்த வருடம் கோப்பையை வென்றவர்கள். டேவிஸ் கோப்பையில் 1966இல் ஆஸ்திரேலியாவிடமும் 1987இல் ஸ்வீடனிடமும் இறுதியில் தோற்றோம். 1974இல் நிறவெறி ஆட்சி நடத்திய தென்னாப்பிரிக்காவுடன் ஆட மறுத்து இறுதியையே விட்டுக்கொடுத்தோம். அந்த வரலாற்றைத் தனியாக எழுத வேண்டும். இங்கே எனக்கு வேண்டியது ஒரு வித்தியாசம் மட்டும்.

டென்னிஸ் ரசிகன் எதிராளி தப்புப் பண்ண வேண்டும் என்று வேண்டிக்கொள்ளலாம். எதிராளியின் டபுள் ஃபால்ட் நம்மாளுக்கு நேராக ஒரு புள்ளி. உயரம் தாண்டுதலில் அது அப்படி இல்லை. க்ரூ கம்பைத் தட்டிவிட்டால் மாரியப்பன் ஒரு சென்டிமீட்டர்கூட உயர மாட்டார். தாண்ட வேண்டியதை அவர்தான் தாண்டியாக வேண்டும்.

விதிமுறையும் எளிது. ஒரு உயரத்துக்கு மூன்று வாய்ப்பு. தொடர்ந்து மூன்று முறை தட்டினால் வெளியே. இரண்டு பேர் ஒரே உயரத்தில் நின்றுவிட்டால், அந்த உயரத்தில் யார் குறைவாகத் தவறினார் என்று முதலில் பார்ப்பார்கள். அதிலும் சமம் என்றால் அதுவரை மொத்தம் எத்தனை தவறு என்று பார்ப்பார்கள். லண்டன் 2012இல் தங்கம், வெள்ளி, வெண்கலம் மூன்று பேருமே 1.74 மீட்டர்தான். வெள்ளி வாங்கியவர் கர்நாடகத்தின் கிரிஷா. ஒரே உயரம், மூன்று வேறு நிறம். பதக்கத்தின் நிறத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது புரியவே புரியாது.

இந்த விளையாட்டின் இன்னொரு இயல்பும் உண்டு. இதில் கடைசித் தாண்டல் பெரும்பாலும் தோல்விதான். தங்கம் உறுதியான பிறகும் வென்றவர் கம்பை இன்னும் ஏற்றச் சொல்லி, தட்டிவிட்டுத்தான் முடிப்பார். ஆகவே "தாண்ட முடியாமல் போனது" என்பதை வைத்து யாரையும் அளக்க முடியாது. எதுவரை தாண்டினார் என்பதுதான் அளவு.

நாம் பார்க்காமல் விட்ட எண்கள்

இப்போது மாரியப்பனின் உயரங்களை வரிசையாக வைக்கிறேன். பதக்க நிறத்தைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள்.

2016 மார்ச், துனிசியாவில் நடந்த தகுதிப் போட்டி: 1.78.
2016 செப்டம்பர், ரியோ: 1.89.
2018 அக்டோபர், ஜகார்த்தா ஆசியப் பாரா விளையாட்டு: 1.67.
2019 நவம்பர், துபாய் உலகப் போட்டி: 1.80.
2021 ஆகஸ்ட், டோக்கியோ: 1.86.
2023 அக்டோபர், ஹாங்சோ ஆசியப் பாரா விளையாட்டு: 1.80.
2024 மே, கோபே உலகப் போட்டி: 1.88.
2024 செப்டம்பர், பாரிஸ்: 1.85.

இந்த எட்டு எண்களில் உங்கள் கண் எங்கே நிற்கிறது? என் கண் 1.67இல் நிற்கிறது. ரியோவில் தாண்டியதைவிட 22 சென்டிமீட்டர் குறைவு. அதே போட்டியில் சரத் குமார் 1.90 தாண்டித் தங்கம் வாங்கினார். நம்மவர் அந்த முறை இந்திய அணியின் கொடியை ஏந்திப் போனவர். வெண்கலத்தோடு திரும்பினார்.

உயரம் தாண்டுபவருக்கு 22 சென்டிமீட்டர் என்பது விளையாட்டு இல்லை. ஓட்டத்தின் வேகம், கடைசி மூன்று எட்டின் தாளம், உந்திக் கிளம்பும் இடம் எல்லாம் கலைந்துபோயிருந்தால்தான் அவ்வளவு இறங்கும். அங்கிருந்து ஒருவர் 1.80க்கு வந்து, 1.86க்கு வந்து, 1.88 தொட்டு உலகப் பட்டம் வாங்கியிருக்கிறார். இது இறங்கிய கதையா, ஏறிய கதையா?

நம் முந்தின நாள் கட்டுரைகளுக்கு 1.89 தெரியும். 1.67 தெரியாது. அதனால் டோக்கியோவின் 1.86 அவற்றுக்கு மூன்று சென்டிமீட்டர் இறக்கமாகத் தெரிந்தது. 2018இல் இருந்து எண்ணினால் அது 19 சென்டிமீட்டர் ஏற்றம். எங்கிருந்து எண்ண ஆரம்பிக்கிறோம் என்பதில்தான் அந்த "ப்ச்" ஒளிந்துகொண்டிருக்கிறது.

2017 தொடக்கத்திலேயே அவர் வாழ்க்கையைத் திரைப்படமாக எடுக்கப்போவதாக அறிவித்தார்கள். ஐஸ்வர்யா ரஜினிகாந்த் இயக்குவதாகப் போஸ்டர் வந்தது. படம் வரவில்லை. வந்திருந்தால் ரியோ மேடையில், தேசிய கீதத்தோடு முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன். அந்த இடத்தில்தான் சினிமா முடியும். ஆனால் அப்போது அவருக்கு 21 வயது. கதை முடிந்துவிட்டதாக ஊரே எழுந்து வெளியே போன பிறகு, அவர் மட்டும் உள்ளே இன்னும் எட்டு வருடம் ஓடித் தாண்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

டோக்கியோ: கடைசி வாய்ப்பு

2021 ஆகஸ்ட் 31. அதற்கு முன்பே ஒரு அடி விழுந்திருந்தது. தொடக்க விழாவில் கொடி பிடிக்க வேண்டியவர் மாரியப்பன். பயணத்தில் கொரோனா தொற்றுள்ள ஒருவருக்கு அருகில் இருந்துவிட்டார் என்று தனிமைப்படுத்தினார்கள். கொடியை டேக் சந்த் பிடித்தார்.

போட்டியன்று தூறலாக ஆரம்பித்தது, 1.80க்கு மேல் போகும்போது வலுத்துவிட்டது. மாரியப்பன் செயற்கைக் கால் இல்லாமல் ஓடித் தாண்டுபவர். அடிபட்ட வலது காலில் போட்டிருந்த காலுறை நனைந்து, தாண்டுவது கஷ்டமாகிவிட்டது என்று பிறகு அவரே பேட்டியில் சொன்னார். இதைக் கேட்ட நம்மாட்கள் "மழை கெடுத்துப்போச்சு" என்று முடித்துக்கொண்டார்கள். மழை எல்லாருக்கும்தான் பெய்தது. ஆனால் அவர் சொன்னது மழையைப் பற்றி மட்டும் இல்லை, காலுறையைப் பற்றி. அங்கேதான் ஆட்டம் இருக்கிறது.

அந்தப் பிரிவின் பெயர் டி63. ஒரு காலை முழங்காலுக்கு மேல் இழந்து செயற்கைக் காலோடு போட்டியிடுபவர்களுக்கான எண் அது. அதே அளவு பாதிப்பு இருந்து, செயற்கைக் கால் இல்லாமல் தாண்டுபவர்கள் டி42. ரியோ வரை இரண்டு வகையினரும் டி42 என்ற ஒரே எண்ணில் இருந்தார்கள். 2018இல் எண்ணைப் பிரித்தார்கள், ஆனால் போட்டியைச் சேர்த்தே நடத்துகிறார்கள். மாரியப்பனும் சரத்தும் டி42. ஆக, ஈரமான ஓடுபாதை எல்லாருக்கும் ஒன்றாக இருந்தாலும், அதில் பதிகிற கால் ஒன்றாக இல்லை. நியாயமா, அநியாயமா என்று இதற்குச் சட்டென்று பதில் சொல்ல முடியாது. ஆனால் ஒரு ரசிகன் தெரிந்து வைத்துக்கொண்டு கேட்க வேண்டிய கேள்வி இது.

கம்பு 1.88க்கு ஏறியது. இரண்டு பேர்தான் மிச்சம். மாரியப்பன் மூன்று முறையும் தட்டினார். க்ரூவும் முதல் இரண்டு முறை தாண்டவில்லை. கடைசி வாய்ப்பில் தாண்டினார். டென்னிஸ் கணக்கில் சொன்னால் இது ஐந்தாவது செட்டின் டை பிரேக்கர். இரண்டு சென்டிமீட்டர், ஒரு வாய்ப்பு. அதுவும் க்ரூ சாதாரண ஆள் இல்லை. ரியோவில் மாரியப்பனுக்குப் பின்னால் நின்று வெள்ளி வாங்கியவர், ஐந்து வருடம் கழித்து முன்னால் வந்தார். எவ்வளவு நல்ல போட்டி அது! நம் பக்கம் அதைப் பற்றிப் பேசியவர் எத்தனை பேர்? "எங்கண்ணா, வெள்ளிதானா?" என்று கேட்டு முடித்துவிட்டோம்.

பாரிஸ்: எதிர்பார்ப்புக்குக் காரணம் இருந்த இரவு

2024 செப்டம்பர் 3. போட்டி நம் நேரத்துக்கு நள்ளிரவைத் தாண்டிப் போனது. மூன்று இரவுகளில் எதிர்பார்ப்புக்கு உண்மையான ஆதாரம் இருந்த இரவு இதுதான். மே மாதம் கோபேயில் மாரியப்பன் 1.88, ஃப்ரெச் 1.85, க்ரூ 1.82. மூன்றரை மாதம் முன்பு ஜெயித்த அதே ஆட்களோடு மறுபடியும். இந்த ஒரு வரி முந்தின நாள் கட்டுரைகளில் இருந்திருந்தால் போதும். பேருந்தும் காய்கறிக் கூடையும் தேவைப்பட்டிருக்காது.

அப்படி எழுதியிருந்தால் முடிவும் வேறு மாதிரி புரிந்திருக்கும். ஃப்ரெச் அந்த இரவில் 1.94 தாண்டினார். பாராலிம்பிக் சாதனை. மே மாதத்தைவிட 9 சென்டிமீட்டர் கூட. சரத் 1.88 தாண்டி வெள்ளி. மாரியப்பன் 1.85. கோபேயில் தாண்டிய 1.88ஐ அவர் அங்கே திரும்பத் தாண்டியிருந்தால்கூடத் தங்கம் வந்திருக்காது, வெள்ளிக்குச் சரத்தோடு மல்லுக்கட்டியிருக்கலாம். ரியோவின் 1.89 அன்று வந்திருந்தாலும் வெள்ளிதான். இது மாரியப்பன் இறங்கிய கதை இல்லை, விளையாட்டு மேலே போன கதை. 2012இல் 1.74க்குக் கிடைத்த தங்கம், 2024இல் 1.94க்குக் கிடைத்தது. பன்னிரண்டு வருடத்தில் 20 சென்டிமீட்டர். அந்த ஏற்றத்துக்கு நடுவில் முதல் பெரிய படியை வைத்தவரே மாரியப்பன்தான், ரியோவில்.

ஏறிக்கொண்டே போகும் அந்தப் படிக்கட்டில் தொடர்ந்து மூன்று பாராலிம்பிக்கில் மேடை ஏறிய முதல் இந்தியர் அவர். வேறு எந்த விளையாட்டிலும் அதற்கு முன் ஒருவரும் செய்யாதது. அதை "வெண்கலம்தான்" என்று சொல்லிவிட்டோம்.

எப்படி ஆசைப்படலாம்

ஆசைப்படாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. ஆசை இல்லாமல் யாரும் நள்ளிரவில் கண் விழித்து உட்கார்ந்திருக்க மாட்டார்கள். ஊர்ப் பாசமும் தப்பில்லை. சின்னப்பம்பட்டி நடராஜன் பந்து வீசும்போது யார்க்கர் விழுமா, எத்தனையாவது ஓவர் கொடுப்பார்கள், பனி விழுந்தால் பந்து வழுக்குமா என்று நம் டீக்கடைகளில் பேசுகிற பேச்சைக் கேளுங்கள். அவர் குடும்பக் கஷ்டம் நமக்குத் தெரியும். ஆனாலும் ஆட்டத்தன்று அதைப் பேச மாட்டோம், யார்க்கரைத்தான் பேசுவோம். அந்த மரியாதையை நடராஜனுக்குக் கொடுத்த அதே ஊர், மாரியப்பனுக்கு மட்டும் ஏன் அனுதாபத்தைக் கொடுக்கிறது? கிரிக்கெட் நமக்குத் தெரியும், உயரம் தாண்டுதல் தெரியாது என்பது ஒரு காரணம். உடல் குறைபாடு உள்ளவரை விளையாட்டு வீரராகப் பார்க்க இன்னும் பழகவில்லை என்பது அதைவிடப் பெரிய காரணம்.

பழகுவது பெரிய வித்தை இல்லை. மூன்று கேள்வி போதும். இந்த வருடம் இவர் அதிகபட்சம் எவ்வளவு தாண்டினார்? எதிரில் இருப்பவர்கள் எவ்வளவு? கம்பு எந்த உயரத்துக்கு வரும்போது ஆட்கள் குறைவார்கள்? இதைத் தெரிந்துகொண்டு உட்கார்ந்தால், நம்மாள் 1.85இல் நின்றாலும் அந்த 1.85 எவ்வளவு கனமானது என்று கை தெரிந்துகொள்ளும், தானாகத் தட்டும்.

அடுத்த பாராலிம்பிக் 2028இல் லாஸ் ஏஞ்சலஸில். ஃப்ரெச்சின் சொந்த ஊர். நம் பக்கத்திலிருந்து யார் போவார்கள் என்று இப்போதே சொல்ல முடியாது. ஓமலூர்ப் பக்கமோ ராசிபுரம் பக்கமோ ஏதோ ஒரு பள்ளிக்கூட மணல் குழியில் இந்நேரம் ஒரு பிள்ளை தாண்டிக்கொண்டிருக்கலாம். அந்தப் பிள்ளை இறுதிப்போட்டிக்குப் போகும் இரவில், எப்படி அடிபட்டது என்று கேட்பதற்கு முன்னால், எவ்வளவு தாண்டும் என்று கேட்போம்.